நீளமான இனிஷியலைசேஷன் ஸ்ட்ரிங் தேவையில்லை: ஏடி கட்டளைகளோடு நெடுநாள் புழங்கிய அனுபவம்

தொலைபேசி லைன் வழியாகக் கணினியை இணைக்கும் மோடத்துக்கு நாம் தட்டி அனுப்பும் கட்டளைகள்தான் ஏடி கட்டளைகள்; தொடக்கத்தில் மோடத்தை அமைக்க அனுப்பும் கட்டளை வரிசைதான் இனிஷியலைசேஷன் ஸ்ட்ரிங். 1981-இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் பரப்பிய கட்டளைகள் இவை. அந்த நிறுவனம் இன்று இல்லை. ஆனால் 4ஜி டாங்கிள் வரைக்கும் 'ஏடி' என்று தட்டினால் 'ஓகே' வருகிறது.

ஏடி இரண்டும் பெரிய எழுத்தாக இருக்கட்டும், அல்லது இரண்டும் சிறிய எழுத்தாக. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று கலந்தால் மோடம் கண்டுகொள்ளாது. போர்ட்டின் வேகத்தை அந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான் அது கணிக்கிறது. தட்டுவது திரையில் தெரியாவிட்டால் 'ஏடி இ1 க்யூ0 வி1' என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர் தட்டுங்கள். எக்கோவும் பதில்களும் திரும்பிவிடும்.

தொடக்கத்தில் 'ஏடி இசட்' போடும் பழக்கத்தை விடுவது நல்லது. அது சேமித்து வைத்த அமைப்பைத்தான் மீட்கும்; முன்பு யாராவது '&டபிள்யூ' போட்டுத் தப்பாகச் சேமித்திருந்தால் அதே தப்புதான் வரும். தயாரிப்பாளர் வைத்த ஆலை அமைப்புக்கு '&எஃப்'. யூ.எஸ். ரோபோட்டிக்ஸ் மோடத்தில் மட்டும் '&எஃப்1' வேண்டும், ஏனென்றால் '&எஃப்0' ஃப்ளோ கன்ட்ரோலை (தரவு நிரம்பி வழியாமல் நிறுத்தி அனுப்பும் ஏற்பாட்டை) அணைத்துவிடும். ராக்வெல் சிப் உள்ள மோடம் என்றால் அதை இயக்க '&கே3'. ஃப்ளோ கன்ட்ரோல் இல்லாதபோது சாதாரண எழுத்து ஒழுங்காக வரும், பெரிய ஜிப் கோப்பு இறக்கினால் சிஆர்சி பிழை (தரவு சிதைந்ததைக் காட்டும் சோதனைப் பிழை) குவியும். பழி தொலைபேசி லைன் மேல் விழும். பழைய கணினியில் சீரியல் போர்ட்டை நடத்தும் யுஏஆர்டி சிப்பையும் பாருங்கள். 16450-க்கு ஒரு பைட் இடம்தான், 16550ஏ-க்கு 16 பைட். 115200 வேகத்துக்குப் பின்னதே தாங்கும்.

பிபிஎக்ஸ் (அலுவலக உள் தொலைபேசி இணைப்பகம்) லைனிலும், வாய்ஸ்மெயில் இருப்பதால் டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும் லைனிலும் 'நோ டயல்டோன்' வரும். 'எக்ஸ்3' போட்டால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். பிஸியை அப்போதும் கண்டுபிடிக்கும். வெளி லைனுக்கு 9 தேவையென்றால் 'ஏடி டிடி 9,' என்று போட்டு அதன்பின் எண். ஒரு கமாவுக்கு 2 விநாடி, எஸ்8 என்ற மோடம் ரெஜிஸ்டரில் (அமைப்பு மதிப்பை வைக்கும் இடத்தில்) மாற்றலாம். எதிர்முனை மெதுவாக எடுத்தால் 'எஸ்7=90', அதாவது இணைப்புக்கு 90 விநாடி காத்திருக்கும்.

'கனெக்ட் 115200' என்று வந்தால் மகிழ வேண்டாம், அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். ராக்வெல்லில் 'டபிள்யூ2' போட்ட பிறகே லைனின் உண்மையான வேகம் தெரியும்.

இணைப்பின் நடுவே கட்டளை தர ஒரு விநாடி சும்மா இருந்து, '+++' அடித்து, மறுபடி ஒரு விநாடி பொறுக்க வேண்டும். என்டர் கூடாது. துண்டிக்க 'எச்0', இது பூஜ்யம். இணைப்புக்குத் திரும்ப 'ஓ', இது எழுத்து. இந்த இடைவெளியைப் பார்க்காத மலிவு மோடங்களைப் பிங் பாக்கெட்டுக்குள் (எதிர்க் கணினி அப்படியே திருப்பி அனுப்பும் சோதனைச் செய்திக்குள்) '+++ஏடிஎச்0' வைத்து அனுப்பியே துண்டிக்க முடிந்தது, பதில் பாக்கெட்டில் அதே எழுத்துகள் அந்த மோடம் வழியாகவே வெளியேறுவதால். 'எஸ்2=255' போட்டால் '+++' வேலை செய்யாது; பிறகு துண்டிக்க '&டி2' வைத்து டிடிஆரை (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் சிக்னலை) இறக்கினால் போதும்.