முதல்வர் அட்டையா, இஎஸ்ஐயா, தனியார் பாலிசியா?

"அஞ்சு லட்சத்துக்கு அட்டை இருக்கு, அப்புறம் என்ன?" தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ள வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இதய அறுவை சிகிச்சை போல, திட்டப் பட்டியலில் உள்ள பெரிய செலவு வந்தால் உண்மைதான். பிரீமியம் ஒரு பைசா கிடையாது. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று இருந்தால் குடும்பத்தோடு சேர்ந்துவிடலாம்.

ஆனால் ஓபி சீட்டுக்கும் மருந்துக்கடை பில்லுக்கும் அந்த அட்டை உதவாது. சர்க்கரை நோயாளி வீட்டில் மாதாமாதம் பணம் கரைவதே அங்கேதான். ஆண்டு வருமானமும் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாளுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் 25 நாள் வேலை என்றாலே 1,50,000 வந்துவிடுகிறது!

என் ஓட்டு, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐக்குத்தான். திருப்பூரில் மாதம் 15,000 வாங்கும் டெய்லர் ஒருவரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம். இதற்கு ஓபி, மருந்து, ஆபரேஷன் எல்லாம் குடும்பத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும். அதோடு, உடம்பு முடியாமல் லீவு போட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். படுத்த நாளுக்குக் கூலி போடுவது மூன்றில் இது ஒன்றுதான். டிஸ்பென்சரி வரிசை பொறுமையைச் சோதிக்கும், மறுக்கவில்லை. அதற்காக "பிடிக்காம கையிலயே கொடுங்க" என்று கேட்பவர்களைப் பார்த்தால் ஆதங்கமாக இருக்கிறது. இஎஸ்ஐயில் சேர மாதச் சம்பளம் 21,000-க்குள் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்கு இது பொதுவாகக் கட்டாயமில்லை.

இரண்டிலும் சேர முடியாத ஆட்டோக்காரருக்கும் சின்னக் கடைக்காரருக்கும் மிச்சம் இருப்பது தனியார் பாலிசி. அதில் 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனியைப் பார்க்கலாம். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றே, பிரீமியம்தான் வேறுபடும். குறைவாகக் கேட்பவரிடம் வாங்கலாம். பில்லில் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய அடி அறை வாடகையில் விழும். ஒரு லட்சம் பாலிசிக்கு நாள் வாடகை 2,000 ரூபாய் வரைதான். 4,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையோடு டாக்டர் ஃபீஸ் போன்றவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள். அட்மிஷன் கவுன்டரிலேயே வாடகையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.