மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா? வாதநோயோடு தாய்மைக்குத் தயாராகும் பெண்களின் முன்னுள்ள வழிகள்

என் தங்கைக்குக் கல்யாணமானபோது வயது 26. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே அவளுக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. பக்கவாதத்தையும் சிலர் அப்படிச் சொல்வார்கள். நான் சொல்வது விரலும் மணிக்கட்டும் முழங்காலும் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கை விறைத்துக் கிடக்கும் சரவாங்கி நோயை. நோயை அடக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைச் சாப்பிட்டு, மறக்காமலிருக்க நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுவாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"குழந்தை வேண்டுமென்றால் முதலில் இந்த மாத்திரையை எல்லாம் நிறுத்தும்மா" என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். நிறுத்தினாள். எல்லாவற்றையும் ஒரே நாளில், மருத்துவரைக் கேட்காமல். பத்து வாரத்தில் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கக்கூட மாமியாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. புடவைக்கு ஊசி குத்த விரல் மடங்கவில்லை.

பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை. மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகவே ஆகாது. வளரும் உயிரணுக்களுக்குத் தேவையான ஃபோலேட் சத்தின் வேலையை அது தடுக்கிறது. கருக்குழாயில் தங்கிவிட்ட கருவைக் கரைப்பதற்கு மகப்பேறு மருத்துவர்கள் பயன்படுத்துவதும் இதே மருந்தைத்தான். கருச்சிதைவு, மண்டையோட்டிலும் கை கால்களிலும் பிறவிக் குறை என ஆபத்து பெரியது. ஆகவே கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே அதை விட வேண்டும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லெஃப்ளூனமைட் இன்னும் பிடிவாதமானது. அதன் எச்சம் உடலில் இரண்டு ஆண்டுகள்வரை தங்கக்கூடும். கொலஸ்டிரமின் என்ற மருந்தை 11 நாள் கொடுத்து அதை வெளியேற்றி, ரத்தத்தில் அளவு இறங்கியதா என்று பார்த்த பிறகே கருத்தரிக்கலாம்.

மீதிப் பாதி தவறு. மருந்தை விட்டதும் நோய் சும்மா இருப்பதில்லை. மூட்டு அழற்சி மூண்டு எழுந்த பெண்ணுக்குக் கருத்தரிக்கவே நாளாகிறது. தரித்தால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தியவள் மாத்திரை இல்லாமல் இருக்கவில்லை. வலி தாங்காமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிட்டாள், தினம் இரண்டு. அந்த வகை வலிமாத்திரைகள் சிலருக்குக் கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கும். 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதங்களில் சிசுவின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். 'மருந்தே வேண்டாம்' என்று கிளம்பியவள் போய்ச் சேர்ந்தது அந்த இடத்தில்.

மாற்றுவது என்ற வழி இதற்கு நேர் எதிர். மெத்தோட்ரெக்சேட்டின் இடத்தில் சல்ஃபசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டையும் வைக்கலாம். கர்ப்பம் முழுவதும் தொடரலாம். சல்ஃபசலசீனோடு ஃபோலிக் அமிலம் கட்டாயம். இவை மெத்தோட்ரெக்சேட் அளவுக்கு வலுவானவை என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு நோய் அடங்காது. அதனால்தான் மாற்றிய பின் சில மாதம் பார்த்து, வீக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கருத்தரிக்கச் சொல்கிறார்கள். இடையில் ஸ்டீராய்டு தேவைப்பட்டால் பிரெட்னிசோலோன், அதுவும் முடிந்தவரை குறைந்த அளவில். அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுகிறது. டெக்சாமெத்தசோன் அப்படியல்ல, நேராகக் குழந்தையைச் சென்றடையும். கடையில் இரண்டுமே 'ஸ்டீராய்டு' என்ற ஒரே பெயரில் புழங்குவதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

"கர்ப்பம் வந்தால் வாதம் தானாகப் போய்விடும்" என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய ஃபிலிப் ஹெஞ்ச் 1930-களில் இதையே கவனித்துப் பதிவு செய்தார். கர்ப்பத்தில் சுரக்கும் ஏதோ ஒன்று மூட்டை ஆற்றுகிறது என்ற அவருடைய தேடல் கார்ட்டிசோன் சிகிச்சையில் போய் முடிந்தது. 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இப்போதைய கணக்கில் முடக்குவாதக்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான் அந்த நிவாரணம். எந்தப் பாதியில் நாம் இருப்போம் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே தோல், மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றைத் தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் அதை நம்பவே கூடாது.

லூபஸில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் பலர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபினோலேட் என்ற மருந்தில் இருப்பார்கள். அது கருவின் காதையும் முகத்தையும் சிதைக்கக்கூடியது. கருத்தரிப்பதற்கு ஆறு வாரத்துக்கு முன்பாவது விட வேண்டும். அதற்குப் பதில் அசதயோப்ரின். ஆறு வாரம் என்றதும் ஏழாவது வாரத்தில் முயலலாம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. அசதயோப்ரினில் சிறுநீர்ப் புரதமும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் நின்று, நோய் ஆறு மாதமாவது உறங்கியிருக்க வேண்டும். இங்கே கடிகாரத்தோடு போட்டி போடும் பெண்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது, முப்பதைத் தாண்டியவர்களிடம் ஆறு மாதம் பொறு என்பது எளிதான சொல் இல்லை. ஆனால் விழித்திருக்கும் லூபஸோடு கர்ப்பம் என்பது தாயின் சிறுநீரகத்தையும் சிசுவின் உயிரையும் ஒருசேரப் பணயம் வைப்பது. காத்திருப்பதன் பக்கமே நான் நிற்பேன்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் லூபஸ் பெண்கள் எந்தக் கட்டத்திலும் விடக் கூடாது. ரத்தத்தில் ரோ எதிர்ப்பொருள் (லூபஸில் பலருக்குக் காணப்படும், கருவுக்கும் கடந்து செல்லும் ஒன்று) இருந்தால் நூற்றில் ஏறக்குறைய இரண்டு சிசுக்களுக்கு இதயத் துடிப்பைக் கடத்தும் பாதை அடைபடுகிறது. முதல் குழந்தைக்கு அப்படி ஆனவர்களுக்கு அடுத்த முறை ஆபத்து பல மடங்கு. அதைக் குறைப்பதற்கும் இந்த மாத்திரை உதவுகிறது. பேறுகால ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினையும் 16 வாரத்துக்குள் தொடங்குவார்கள்.

மூட்டு அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசிகளில் இருப்பவர்களுக்கு நம் நாட்டில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. அடாலிமுமாப்பும் இன்ஃப்ளிக்சிமாப்பும் கர்ப்பத்தின் பின்பகுதியில் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றன. செர்டோலிசுமாப்பின் மூலக்கூறில் அப்படிக் கடந்து செல்வதற்கான பகுதியே இல்லாததால் கடைசிவரை தொடரலாம். கருவுக்குச் சென்றால் கெடுக்கும் என்ற பயத்தில் எல்லா ஊசிகளையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. சிக்கல் காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியில் வருகிறது. இங்கே குழந்தை பிறந்ததும் இடது தோளில் போட்டுவிடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியால் ஆனது. இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த ஒரு தாயின் மூன்று மாதக் குழந்தைக்கு பிரிட்டனில் பிசிஜி போடப்பட்டு, அந்தக் கிருமி உடல் முழுதும் பரவிக் குழந்தை இறந்த செய்தி 2010-இல் மருத்துவ இதழில் வெளியானது. கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த ஊசிகளை எடுத்தவர்கள் பிரசவ அறையிலேயே செவிலியரிடம் சொல்லி, ஆறு மாதம் தள்ளிப்போடலாமா என்று குழந்தை மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இனி, நம் வீடுகளில் பேசப்படாத ஒப்பீடு. மாற்றியபின் காத்திருக்கும் அந்த மாதங்களில் கருத்தரிக்காமலிருக்க எது நல்லது? மாத்திரை மாற்றத்தைவிட இதில்தான் அதிகம் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன்; மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெண்ணுக்குக் கருத்தடையும் சிகிச்சையின் ஒரு பகுதி. வாதநோய் மருத்துவர் இதை மகப்பேறு மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று இருக்கிறார், அவரோ இவர் பார்ப்பார் என்று இருக்கிறார். என் தங்கையிடம் யாருமே கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. முடக்குவாதம் மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பரவாயில்லை. லூபஸ் தீவிரமாக உள்ளவர்களும், ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. ரத்தம் உறைந்து காலிலோ மூளையிலோ அடைத்துவிடலாம். தவிர, மைக்கோஃபினோலேட் இருந்தால் கருத்தடை மாத்திரையின் பலனே குறையலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லைதான். ஆனால் அது எலும்பின் அடர்த்தியைக் குறைப்பது. ஏற்கெனவே ஸ்டீராய்டால் எலும்பு மெலிந்தவர்களுக்கு ஏற்றதல்ல. உறைவு ஆபத்து உள்ளவர்களுக்கும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

காப்பர்-டி இந்த எல்லாச் சிக்கலுக்கும் வெளியே நிற்கிறது. ஹார்மோன் இல்லை, மறந்துபோக மாத்திரை இல்லை, எடுத்ததும் கருத்தரிக்கலாம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் தொற்று வரும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் அவர்களுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. மாதவிலக்கில் போக்கு அதிகமாகலாம் என்பது உண்மையான குறை. ரத்தசோகை உள்ளவர்கள் ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனத்தைக் கேட்டுப் பார்க்கலாம், விலை கூடுதல்.

தங்கையை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மருந்து மாறியது. வீக்கம் வடிய நான்கு மாதம் பிடித்தது, கருத்தரிக்க மேலும் ஐந்து மாதம். வளைகாப்பன்று 2.4 அளவு வளையல் கணுவில் சிக்கி நின்றது. எங்கள் அத்தை யாரிடமும் சொல்லாமல் 2.8-இல் ஒரு டஜன் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். ஏழாம் நாள் வரை அவள் அவற்றைக் கழற்றவில்லை.

பிரசவமாகி ஆறாவது வாரம் நோய் திரும்பி வந்தது. பலருக்கும் அப்படித்தான் வருமாம், எங்களை முன்பே எச்சரித்திருந்தார்கள். பால் கொடுக்கும்வரை மெத்தோட்ரெக்சேட் கூடாது என்பதால் கர்ப்பத்தில் சாப்பிட்ட சல்ஃபசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டோடும் சிறிது பிரெட்னிசோலோனோடும் சமாளித்தாள். குழந்தையைத் தூக்க முடியாத காலைகளில் படுத்தபடியே பால் கொடுத்தாள். பால் மறந்த பிறகு நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை வட்டம் மறுபடியும் வந்தது. காப்பர்-டி போட்ட தேதியையும் அதே நாட்காட்டியில், அதே பேனாவால் குறித்து வைத்திருக்கிறாள்.