ராம்நாட் புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மினி ஹால்: காலேஜ் பிள்ளைங்களுக்கு கம்பெனி மீட்டிங் வைக்கலாமா?

மண்டபம் பக்கம் நண்டு, கணவாய் ஏற்றுமதி பண்ற சின்ன கம்பெனில எச்ஆர் பாக்குறேன். லேபுக்கு ட்ரெய்னி எடுக்கணும், அதுக்கு முன்னாடி வேலை என்ன, சம்பளம் என்னன்னு கடைசி வருஷ சுவாலஜி, மைக்ரோபயாலஜி பிள்ளைங்களுக்கு நேர்ல சொல்லிரணும்னு பிப்ரவரில இந்த ஹாலை எடுத்தோம். ஒரு காலேஜுக்குள்ள வச்சா அந்தக் காலேஜ் பிள்ளைங்க மட்டும்தான் வருவாங்க, இங்கன்னா ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் பஸ்ஸ விட்டு இறங்கி நடந்தே வந்துரலாம்.

நான் கேட்டது மத்தியானம் 2 மணிக்கு. மேனேஜர் அண்ணன்தான் "காலைல வைங்க சார், சாயங்காலம் முடிஞ்சா தொண்டிப் பிள்ளைங்க வீடு போய்ச் சேர இருட்டிரும், அடுத்த தடவை வீட்ல விடமாட்டாங்க"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். 10 மணிக்கு ஆரம்பிச்சோம், 70 பேருக்கு மேல வந்தாங்க, பாதிக்கு மேல பொண்ணுங்க.

குறைன்னா ஸ்கிரீன்தான். எதிர்ல கிழக்குப் பார்த்த ஜன்னல், திரை கிடையாது, காலை வெயில்ல சம்பள ஸ்லைடு வெளுத்துப் போயி பின்னாடி இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. ஒயிட்போர்டு கொண்டாந்து குடுத்தாங்க, மாசம் 18,000, அதுல பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135 போக கைக்கு 16,065ன்னு எழுதிப் போட்டேன், எல்லாரும் எந்திரிச்சு வந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மீட்டிங் வைக்கிறவங்க தயவுசெஞ்சு கைக்கு வர்ற தொகைய எழுதிக் காட்டுங்க, வருஷ பேக்கேஜ மட்டும் சொல்லி அனுப்பிட்டா மொத மாசச் சம்பளத்துல பிள்ளைங்க மனசு விட்டுருதுங்க.

மைக் ஒண்ணுதான் இருக்கு, கேள்வி கேக்குறவங்க கைக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். பாம்பன் பொண்ணு ஒண்ணு அத வாங்கி, "சார், மீன்பிடித் தடைக்காலத்துல சம்பளம் உண்டா?"ன்னு கேட்டுச்சு. அப்பா போட்டுக்குப் போறவரு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் வீட்டுக்கு வருமானமே இல்லாமப் பாத்து வளர்ந்த பிள்ளை, அது கேக்காம யாரு கேப்பா? உண்டும்மா, சரக்கு வராத அந்த ரெண்டு மாசம்தான் உங்களுக்கு ட்ரெய்னிங், முழுச் சம்பளம்னு சொன்னேன். இது எங்க ஸ்லைடுலயே இல்ல, இனிமே மொத ஸ்லைடு அதுதான்.

மத்தபடி பாத்ரூம் சுத்தம், உள்ள தாழ்ப்பாள் ஒழுங்கா விழுது, இத போயி பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன். நடுவுல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் உடனே போட்டாங்க ஆனா ஏசி அதுல ஓடாது, ஃபேன் மட்டும்தான். தண்ணி கேன் ரெண்டு பத்தல, நாலு சொல்லிருங்க.

வாடகை அரை நாளைக்கு 6,500, பேசுனதுக்கு மேல ஒத்த ரூபா கேக்கல. ஆகஸ்ட்டுக்கும் இங்கயே புக் பண்ணிட்டேன், அதுக்குள்ள ஜன்னலுக்குத் திரை போட்டுர்றேன்னு மேனேஜர் அண்ணன் சொல்லிருக்காரு.