ஐந்து ஆண்டுகளாக என் காருக்கு நானே வேக்ஸ் போடுகிறேன்

அடர்நீலத்தில் கார் வாங்காதே என்று அண்ணன் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும். வெள்ளைக் காரில் கண்ணில் படாத தூசி, துணி இழுத்த கோடு, போர் தண்ணீர் காய்ந்த உப்புத் திட்டு என எல்லாம் இதில் அப்பட்டமாகத் தெரியும். அதற்காகத்தான் பெயிண்ட்மேல் தடவித் துடைக்கும் மெழுகுப் பசையான கார்னாபா பேஸ்ட் வேக்ஸ் வாங்கினேன். ஐந்து ஆண்டுகளில் இது இரண்டாவது டப்பா.

முதல் டப்பாவில் பாதியை ஒரே நாளில் வீணடித்தேன். சென்னை, மே மாதம், காலை 11 மணி. பானெட்டில் கை வைக்க முடியாத சூடு. வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. இட்லிக்கு மிளகாய்ப்பொடி அப்புவதைப் போல அப்பினேன். காய்ந்தது உண்மைதான், ஆனால் துணிக்கு வராமல் ஒட்டிக்கொண்டது. தோள் வலிக்கத் தேய்த்தும் வெள்ளைத் தீற்றல்கள் போகவில்லை. அந்த இடங்களில் மறுபடி கொஞ்சம் வேக்ஸ் தடவினால் பழையது இளகி வந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கார்னாபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும்; அவ்வளவு கடினம். அதைத் தடவும் பதத்துக்குக் கொண்டுவரக் கரைப்பானும் எண்ணெயும் சேர்க்கிறார்கள். நாம் ‘காய்கிறது’ என்று சொல்வது அந்தக் கரைப்பான் ஆவியாவதைத்தான். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டும், அடியில் ஈரம் நிற்கும். துடைத்தால் இழுவும்.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு, கழுவித் துடைத்த கார் நிழலில் ஆறி நிற்கும்போது தொடங்குகிறேன். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல மங்கல் படிந்தால் போதும். அதற்குமேல் பூசுவது காசுக்குக் கேடு. பிறகு ஓர் ஓரத்தில் விரலை இழுத்துப் பார்ப்பேன். விரல் போன தடம் சுத்தமாகப் பளபளத்தால் துடைக்கலாம். ஈஷினால் காபி குடித்துவிட்டு வரவேண்டும். மார்ச் மாதத்தில் பத்து நிமிடம் போதும். நவம்பர் ஈரக் காற்றில் முக்கால் மணி நேரம்கூடக் காத்திருந்திருக்கிறேன். டப்பாவில் அச்சிட்ட நேரத்தை நான் பார்ப்பதில்லை.

துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள்: ஒன்று வேக்ஸை எடுக்க, மற்றது மெருகேற்ற. பழைய பனியன் துணி வேண்டாம். நீலத்தில் அது போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன.

எத்தனை நாள் தாங்குகிறது? என் கார் திறந்தவெளியில் நிற்கிறது. இரண்டு மாதம் வரை மழைநீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். முதலில் மேற்கூரையில்தான் தேய்கிறது. ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பால் கார் கழுவப்பட்டது. மூன்றே வாரத்தில் முத்துகள் காணாமல் போயின. பறவை எச்சம் முன்பைவிட எளிதாக வருகிறது, ஆனால் ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தபோது பானெட்டில் தடம் விழுந்திருந்தது. கீறலை இது போக்காது. போர் தண்ணீர்த் திட்டுக்கும் பெரிய தடை இல்லை, கழுவியவுடன் துடைத்தே ஆக வேண்டும்.

சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் வேக்ஸ் பட்டால் வெளுத்துக் காய்ந்துவிடும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பான் நன்றாக வேலை செய்கிறது. பின்கதவின் எழுத்து இடுக்குகளுக்கு மட்டும் பழைய பல் துலக்கும் பிரஷ்.