ஆப்புக்குள்ளேயே சந்தா கட்டுவதற்கு முன் வெப்சைட்டில் விலை பாருங்கள்

பத்தாவது படிக்கும் மகளுக்காக ஒரு கணக்குப் பாட ஆப்பில் வருடச் சந்தா கட்டினேன். போனில், ஆப்புக்குள்ளேயே, 2,599 ரூபாய். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் என் தங்கை அதே நிறுவனத்தின் வெப்சைட்டில் 1,999 கட்டியிருக்கிறாள். அதே பாடம், அதே ஒரு வருடம்.

கஸ்டமர் கேரில் கேட்டேன். "பணம் ஸ்டோர் வழியாப் போயிருக்கு மேடம், அங்கேயே கேளுங்க" என்றார்கள். ஆப்பை டவுன்லோட் செய்த அந்த ஆப் ஸ்டோரில் ரீஃபண்ட் கேட்டு அனுப்பினால் தகுதி இல்லை, ஆப் நிறுவனத்தை அணுகவும் என்று ஒரே வரியில் பதில். மூன்று நாள் இப்படியே அலைக்கழித்தார்கள்.

விலை ஏன் கூடுகிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஆப்பிள், கூகுள் இரண்டுமே ஆப்புக்குள் விற்கும் டிஜிட்டல் சரக்குக்குப் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன (பஸ் டிக்கெட், சாப்பாடு ஆர்டருக்கெல்லாம் இது கிடையாது). பல நிறுவனங்கள் அதை நம் தலையில் கட்டிவிடுகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் "எங்கள் வெப்சைட்டில் விலை குறைவு" என்று ஆப்புக்குள் எழுதவே கூடாது என்று ஆப்பிளும் கூகுளும் வருடக்கணக்கில் விதி வைத்திருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் பிளே ஸ்டோர் பில்லிங் விவகாரத்தில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டு, இப்படி வாயைக் கட்டக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம் இதே மாதிரிக் கட்டுப்பாட்டுக்காக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ விதித்தது. நம் நாட்டில், பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதி வகுக்கும் டிஜிட்டல் போட்டிச் சட்டத்துக்கு வரைவு 2024 மார்ச்சில் வந்தது. அது சட்டமாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், ஏனென்றால் வழக்கு முடிந்து தீர்ப்பு வருவதற்குள் நாம் எத்தனையோ சந்தா கட்டி முடித்திருப்போம்.

அதுவரை, பணம் கட்டும் முன் பிரவுசரில் அந்த நிறுவனத்தின் வெப்சைட்டைத் திறந்து விலை பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா, ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஸ்டோர் கணக்கில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள், யூபிஐ ஆப்பில் ஆட்டோபேயையும் பாருங்கள். நான் செய்துவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் 2,599 தானாகவே போயிருக்கும். இரண்டு விலைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் நேற்று புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.