இருக்கையா, வளாகமா, ஆண்டு நிதியா?

உயர்கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் கொடுப்பதில் நம்மவர்கள் பல வழிகளைச் செய்து பார்த்துவிட்டார்கள். எது தேறியது என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: கொடுத்தவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு, மாதாமாதம் சம்பளம் போடுவது யார்?

இருக்கை என்றால், நிலையான நிதி ஒன்றின் வருமானத்தில் நடக்கும் பேராசிரியர் பதவி. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குப் பல்கலைக்கழகம் கேட்டது 60 லட்சம் டாலர். மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் போட்டுத் தொடங்கி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, தமிழ்ச் சங்கங்கள் ஊர் ஊராகத் திரட்டின, 2018இல் தொகை நிறைந்தது. அந்த மூலத்தொகையில் கை வைக்க மாட்டார்கள்; அது ஈட்டும் வருமானத்தைத்தான் செலவழிப்பார்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் எடுத்தால் 3 லட்சம் டாலர் வரும். ஒரு பேராசிரியரின் சம்பளம், மற்ற படிகள், கொஞ்சம் ஆய்வுச் செலவு, அதோடு சரி. இத்தனை பேர் கொடுத்தும் கிடைத்தது ஒரே ஒரு நாற்காலியா என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் நாளைக்கே நிர்வாகம் சிக்கனம் பிடித்தாலும் அந்தப் பதவியை எளிதில் எடுத்துவிட முடியாது. யாரை நியமிப்பது என்பதில் கொடையாளர்களுக்குப் பேச்சு இல்லை, அதுவும் நல்லதுதான்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் இதே வேலை 30 லட்சம் கனடிய டாலரில் முடிந்தது. சுற்றிலும் ஈழத்தமிழர் குடியிருப்புகள். வகுப்பில் உட்கார வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெயரின் பளபளப்பை விட்டுவிட்டால், நான் டொராண்டோவுக்குத்தான் கொடுப்பேன்.

காரைக்குடிக் கணக்கு வேறு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் தன் ஊருக்கு வரவழைத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு. அன்றிலிருந்து சம்பளம், கருவி, மின்கட்டணம் எல்லாம் மத்திய அரசின் பொறுப்பு. ஊரார் 'சிக்ரி' என்று சொல்லும் அந்த இடத்தில் இன்றும் மின்கலமும் உலோக அரிப்பும் ஆராய்கிறார்கள், பி.டெக். வகுப்பும் நடக்கிறது. செலவழித்த ரூபாய்க்கு இவ்வளவு விளைச்சல் கண்ட கொடை தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

சிதம்பரத்திலும் கொடை பெரியது. அண்ணாமலை செட்டியார் 20 லட்சம் கொடுக்க, 1929இல் பல்கலைக்கழகம் வந்தது. ஆனால் இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்தின் பரம்பரை உரிமையாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. ஆட்களை அளவுக்கு மீறிச் சேர்த்து, சம்பளம் போட முடியாத நிலை வந்து, கடைசியில் 2013இல் அரசே எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். கொடுத்த பிறகும் பிடியை விடாததுதான் கோளாறு என்பேன்.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மூடப்படும் நிலைக்கு வந்தபோது புலம்பெயர் தமிழரும் தமிழ்நாடு அரசும் கைகொடுத்தது நாலாவது வகை: மூலத்தொகை வைக்காமல், அப்போதைய செலவுக்கு மட்டும் கொடுக்கும் ஆண்டு நிதி. ஆபத்துக்கு உதவும். ஆனால் அந்தக் காசு தீர்ந்ததும் மறுபடி கையேந்த வேண்டும்.

நிலமும் கோடிகளும் இருந்து, நடத்த அரசும் ஒப்புக்கொண்டால் காரைக்குடி வழி. அரசு வராது என்றால் இருக்கை, அதுவும் மாணவர்கள் இருக்கும் ஊராகப் பார்த்து. சில லட்சம்தான் கையில் இருக்கிறது என்றால் தனி இருக்கைக் கனவு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் இருக்கையில் ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்குக் கொடுக்கலாம்.