பிலிப் கிளாஸின் ‘சத்யாகிரகா’: 1985ஆம் ஆண்டு ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிய மதிப்பீடு

முதல் தகடு ஓடத் தொடங்கியதும் செல்லோக்கள் தாழ்ந்த சுரங்களில் ஒரே இசைத்துணுக்கைச் சுற்றிச் சுற்றி வாசிக்கின்றன. அதன்மேல் தனியாக ஓர் ஆண்குரல் ‘யோத்ஸ்யமாநாந்’ என்று எடுக்கிறது. போரிடத் திரண்டு வந்திருப்பவர்களை நான் பார்க்க வேண்டும் என்று கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் சொல்லும் சுலோகம் அது. ஆனால் இந்த ஓபராவில், அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் இசை நாடகத்தில், அதைப் பாடுபவர் காந்தி. சற்று நேரத்தில் அர்ச்சுனனின் குரல் அவரோடு சேர்கிறது. பிறகு கண்ணனின் கனத்த குரலும் வந்து இணைகிறது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க இசையில் இதைப் போன்று அடக்கமாகத் தொடங்கி இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் வேறொரு தொடக்கத்தை நான் கேட்டதில்லை.

பிலிப் கிளாஸ் 1937இல் பால்டிமோரில் பிறந்தவர். 1960களின் நடுவில் பாரிஸில் இசை ஆசிரியை நாடியா புலாஞ்சேயிடம் பயின்றுகொண்டிருந்தபோது, ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கர் அமைத்த இசையை மேலை வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்கு ஏற்ற குறியீட்டில் எழுதித் தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. அங்கே ரவிசங்கரிடமும் தபலா கலைஞர் அல்லா ரக்காவிடமும் கண்ட தாளச் சுழற்சிதான், சிறு இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதில் ஒன்றிரண்டு சுரங்களை மட்டும் கூட்டியும் குறைத்தும் செல்லும் அவருடைய பாணிக்கு வித்திட்டது. ராட்டர்டாம் நகரம் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் எழுதிய இந்த ஓபரா 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி அந்நகரிலேயே முதன்முதலாக அரங்கேறியது. ஐன்ஸ்டைன், காந்தி, எகிப்திய மன்னன் அக்நாதன் ஆகிய மூவரைப் பற்றிய மூன்று ஓபராக்களில் இது இரண்டாவது.

நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது, நியூயார்க் சிட்டி ஓபராவின் இசைக்குழுவும் சேர்ந்திசைக் குழுவும் கிறிஸ்டோபர் கீனின் தலைமையில் பங்கேற்க, சிபிஎஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட மூன்று தகடுகள் கொண்ட பதிவு. காந்தியாக டக்ளஸ் பெரி பாடியிருக்கிறார். ராட்டர்டாமில் முதன்முதலில் அந்தப் பாத்திரத்தை ஏற்றவரும் அவரே. அவருடைய டெனர் குரலில், அதாவது உயர்ந்த ஆண்குரலில், மெருகைவிடத் தெளிவு மிகுதி. தன் குரலை முன்னிறுத்தும் ஆசை அவரிடம் எங்கும் தென்படவில்லை; இந்தப் பாத்திரத்துக்கு வேண்டியதும் அதுதான்.

ஓபராவின் களம் முழுவதும் தென்னாப்பிரிக்கா. காலம் காந்தி அங்கே வாழ்ந்த ஆண்டுகள். காட்சிகள் கால வரிசையில் செல்வதில்லை: போராட்டக்காரர்கள் கூட்டாக வாழ காந்தி 1910ஆம் ஆண்டு அமைத்த டால்ஸ்டாய் பண்ணை முதலில் வருகிறது, இந்தியர்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று 1906ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்த உறுதிமொழி அதற்குப் பின்னால் வருகிறது. மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்று பெயர். மேடையில் அவர்கள் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கான்ஸ்டன்ஸ் டிஜாங் தொகுத்த பாடல் உரையில் கீதையைத் தவிர வேறு சொல் இல்லை, அதுவும் மூல வடமொழியிலேயே. பொருளைத் தேடிக் கொண்டிராமல் இசையை மட்டும் பின்தொடர வேண்டும் என்பதற்காக மொழிபெயர்ப்பைத் தவிர்ப்பதே கிளாஸின் திட்டம்.

இங்கேதான் நம்முடைய அனுபவம் அமெரிக்கக் கேட்பவரின் அனுபவத்திலிருந்து பிரிகிறது. வீட்டில் கீதை ஒலித்துக் கேட்டு வளர்ந்தவருக்கும், உரையோடு ஒரு முறையாவது படித்தவருக்கும் சொற்கள் வெறும் ஒலியாக நின்றுவிடுவதில்லை. எந்தச் சுலோகம் யார் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது புரியத் தொடங்கியதும், இந்த ஓபராவின் உள்ளே இன்னொரு நாடகம் நடப்பது தெரிகிறது. இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் டர்பன் தெருவில் வெள்ளையர் கூட்டம் காந்தியைச் சூழ்ந்துகொண்டு தாக்குகிறது. காவல்துறைக் கண்காணிப்பாளரின் மனைவி திருமதி அலெக்சாண்டர் தம் குடையை விரித்து அவரைக் காக்கிறார். (ஓபரா இதை 1896 என்று குறிக்கிறது; நிகழ்ந்தது 1897 ஜனவரியில்.) அந்தக் கூட்டம் எதைப் பாடுகிறது என்று கவனியுங்கள். ‘இதமத்ய மயா லப்தம்’: இன்று இது எனக்குக் கிடைத்தது, இந்தப் பகைவனைக் கொன்றேன், இனி மற்றவர்களையும் கொல்வேன் என்று பதினாறாம் அத்தியாயத்தில் அசுர இயல்பினர் தம்மைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும் சுலோகங்கள். இடையிடையே ‘ஹா ஹா’ என்ற சிரிப்பும் தாளத்தோடு வெட்டி விழுகிறது. பொருள் தெரியாமல் கேட்டாலும் அந்தச் சிரிப்பு அச்சமூட்டும். பொருள் தெரிந்தால் சுலோகத் தேர்வின் கூர்மை உறைக்கிறது. அதே அங்கத்தின் கடைசிக் காட்சியில், 1908இல் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டபோது, காந்தி ‘அத்வேஷ்டா ஸர்வபூதாநாம்’ என்று எவ்வுயிரையும் பகைக்காதவனின் இலக்கணத்தைப் பாடுகிறார். அசுரரின் தற்பெருமையில் தொடங்கும் அங்கம் பகையற்றவனின் இலக்கணத்தில் முடிகிறது. இந்தக் கோவையைக் கண்டுகொள்ள மேலை நாட்டு ரசிகருக்குக் கையேடு தேவை. நம்மில் பலருக்கு அது ஏற்கெனவே நினைவில் இருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாடகர்களின் உச்சரிப்பில் தகரமும் டகரமும் பல இடங்களில் ஒன்றாகிவிடுகின்றன. வல்லின மூச்சொலிகள் பெரும்பாலும் காணாமல் போகின்றன. சுலோகத்தின் சந்தத்தைப் பற்றி இசையமைப்பாளர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலிப்பதால், சுலோகத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கு முதல் முறை கேட்கும்போது சொல் எங்கே பிரிகிறது என்பதே பிடிபடாது. இரண்டாவது குறை ஒலிப்பதிவு முறை. இசைக்குழுவையும் குரல்களையும் ஒரே நேரத்தில் ஓர் அரங்கில் பதிவு செய்யாமல், அடுக்கடுக்காகத் தனித்தனியே பதிந்து பிறகு ஒன்றுசேர்த்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வரியும் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் ஒரு கூடத்தில் பலர் சேர்ந்து மூச்சுவிடும் உணர்வு குறைகிறது. சேர்ந்திசைப் பகுதிகளில், குறிப்பாக உறுதிமொழிக் காட்சியில், வயலின்களின் ஒலி அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கிறது. தலையில் மாட்டும் ஹெட்ஃபோனைவிட அறையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டபோது இந்தக் குறை எனக்கு ஓரளவு மட்டுப்பட்டது.

பித்தளைக் குழல்களும் தாளக் கருவிகளும் இந்த ஓபராவில் கிடையாது. நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், ஓர் ஆர்கன், அவ்வளவுதான். அடிப்பதற்கு எதுவும் இல்லாமல் வில்லின் அசைவிலிருந்தே தாளம் பிறக்க வேண்டியிருப்பதால், போராட்டத்தைப் பற்றிய இந்த ஓபராவில் போர்முரசு ஒலிப்பதே இல்லை. சில சுரக்கூட்டுகளின் வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வர, அதன்மேல் மெட்டு வளரும் ‘சக்கோன்’ என்னும் பழைய ஐரோப்பிய அமைப்பைக் கிளாஸ் காட்சிகளுக்கு அடித்தளமாக்கியிருக்கிறார். பொறுமையற்றவருக்கு இது சலிப்பூட்டும் என்பதை மறுக்க மாட்டேன். டால்ஸ்டாய் பண்ணைக் காட்சியின் நடுப்பகுதி எனக்கும் சற்று நீண்டதாகவே பட்டது.

மூன்றாம் அங்கம் ஒரே காட்சி: 1913ஆம் ஆண்டு நியூகாசில் நடைப்பயணம். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேறிய ஒப்பந்தத் தொழிலாளர்கள், 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளுமாக, அவ்வாண்டு நவம்பர் 6ஆம் தேதி அண்டை மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் தமிழர் பலர். அதற்கு முன்பே நியூகாசிலுக்குச் சென்று சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த பெண்களிலும் தமிழ்ப் பெண்களே மிகுதி; காந்தியின் சக போராளி தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களில் ஒருவர். ஓபராவின் பாத்திரப் பட்டியலில் ‘திருமதி நாயுடு’ என்று ஒரு சொப்ரானோ பாத்திரம் இருக்கிறது. காந்தியின் சக ஊழியர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஓபரா எதையும் சொல்வதில்லை. ஆனால் அந்த உயர்ந்த பெண்குரல் மற்றக் குரல்களுக்கு மேலே எழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்கள் நடந்த தூரத்தை நினைக்காமல் என்னால் கேட்க முடிவதில்லை. அவர்கள் தங்கள் மொழியில் பேசியதும் பாடியதும் இந்தப் படைப்புக்குள் வரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இறுதியில் எல்லோரும் போய்விட, காந்தி தனித்து நின்று ‘பஹூநி மே வ்யதீதாநி ஜந்மாநி’ என்று பாடுகிறார்: எனக்கும் உனக்கும் கழிந்துபோன பிறவிகள் பல. மெட்டு என்று சொல்ல எட்டுச் சுரங்கள் மட்டுமே. கீழ் ‘ஈ’ சுரத்திலிருந்து மேல் ‘ஈ’ வரை ஏறும் ஒரே ஆரோகணம், முப்பது முறை. மேலையிசையில் இதற்கு ஃபிரிஜியன் என்று பெயர். நம் கணக்கில் சுரங்கள் அப்படியே எட்டாவது மேளகர்த்தாவான தோடியின் சுரங்கள். ஆனால் தோடி கேட்பதாக எண்ணிவிடாதீர்கள். காந்தாரத்திலும் தைவதத்திலும் அசைவே இல்லை. ஒவ்வொரு சுரமும் வைத்த இடத்தில் நேராக நிற்கிறது. கமகம் இல்லாத தோடி வறண்டுதான் போகும் என்று நினைத்திருந்த எனக்கு, ஏழாவது எட்டாவது முறைக்குள் காது பழகிவிட்டது. குரல் மாறாமல் ஏற, அடியில் சுரக்கூட்டுகள் மட்டும் நகர்வதால், அதே படி ஒரு முறை துயரமாகவும் மறுமுறை ஆறுதலாகவும் ஒலிக்கிறது. பெரி ஒரு முறைகூட அழுத்தம் கூட்டுவதில்லை. மேடையில் இந்த நேரத்தில் கிங்கின் உருவம் உயரத்தில் நின்றிருக்கும்; ஒலிப்பதிவில் அது நமக்குக் கிடைக்காத இழப்பு. மெட்ரோபாலிட்டன் ஓபரா 2008இல் செய்தித்தாள்களால் ஆன பெரும் பாவைகளோடு மேடையேற்றிய வடிவத்தின் காட்சிப்பதிவு கிடைத்தால், அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

வாங்குபவர்கள் பாடல் உரைக் கையேடு உள்ள தகட்டுத் தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் கேட்பவர்கள் ஒரு கீதை உரையை அருகில் வைத்துக்கொண்டு, முதலில் இரண்டாம் அங்கத்தைக் கேளுங்கள். அதன்பின் மூன்றாம் அங்கத்தை விளக்கணைத்து, நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள்.